உடற்கல்வி படிக்க நினைக்கும் பெங்களூருத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு

கௌதமபுரத்தில் பிறந்த பிள்ளைக்குக் காற்பந்தைப் பற்றி யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அல்சூரை ஒட்டிய அந்தத் தெருக்களில் பெலேவுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். 1948ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சிடம் இந்தியா 2-1 என்று தோற்ற ஆட்டத்தில், நம் அணியின் ஒரே கோலை அடித்த சாரங்கபாணி ராமன் பெங்களூர்க்காரர் என்பதைப் பெரியவர்கள் இன்றும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். என் அப்பாவின் தலைமுறையில் இந்தப் பெருமைக்கு நடைமுறைப் பயனும் இருந்தது. விமானம் செய்யும் எச்.ஏ.எல்., தொலைபேசி செய்யும் ஐ.டி.ஐ. போன்ற பொதுத்துறை ஆலைகள் சொந்தக் காற்பந்து அணிகளை வைத்திருந்தன. நன்றாக ஆடத் தெரிந்த பையனுக்கு அணியில் இடமும் ஆலையில் வேலையும் சேர்ந்தே கிடைத்தன. அப்பாவும் அப்படித்தான் ஒரு தொழிற்சாலைக்குள் நுழைந்தார். அந்த வழி இப்போது மிகவும் குறுகிவிட்டது. ஆனாலும் மர்பி டவுனிலும் ஆஸ்டின் டவுனிலும் ஸ்ரீராமபுரத்திலும் இருக்கும் நம் வீடுகளில், "பையன் நன்றாக ஆடுகிறான், எப்படியும் ஒரு வேலை கிடைத்துவிடும்" என்ற நினைப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

நான் காற்பந்து ஆடியவள் இல்லை. 800 மீட்டர் ஓடினேன். பெங்களூரில் பி.காம். படிக்கும்போது பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகி, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி வரை சென்றேன். பிறகு சென்னை நந்தனத்தில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியில் பி.பி.எட். என்னும் உடற்கல்வி இளநிலைப் பட்டம் முடித்து, ஊர் திரும்பி அதன் முதுநிலையான எம்.பி.எட். படித்து, இப்போது ஒயிட்பீல்டு பக்கத்தில் ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளியில் உடற்கல்வித் துறையைக் கவனித்துவருகிறேன். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் உறவினர், தெருவில் உள்ளவர், பழைய மாணவரின் பெற்றோர் என்று பலரும் பிள்ளையை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: பிள்ளை ஆசிரியராக வேண்டுமா, பயிற்சியாளராக வேண்டுமா? இரண்டும் ஒன்றுதானே என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அவை வேறு வேறு வேலைகள். அவற்றுக்கான படிப்பும், படிப்பை அங்கீகரிக்கும் அமைப்பும், வேலை தருபவரும் வேறு வேறு. இது தெரியாமல் பணத்தையும் இளமையையும் செலவழித்தவர்களை நிறையப் பார்த்திருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக வேண்டுமானால் பி.பி.எட். பட்டம் வேண்டும். இது ஆசிரியர் கல்விப் படிப்பு என்பதால் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமமான என்.சி.டி.இ.யின் அங்கீகாரம் பெற்ற கல்லூரியில்தான் படிக்க வேண்டும். முன்பு ஓராண்டாக இருந்த படிப்பு, 2014ஆம் ஆண்டின் விதிமுறைகளுக்குப் பிறகு இரண்டாண்டாகிவிட்டது. எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றிருந்தாலும் 50 விழுக்காடு மதிப்பெண்ணும், கல்லூரிகளுக்கு இடையிலோ மாவட்ட அளவிலோ ஆடியதற்கான சான்றும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். நான் வணிகவியல் படித்ததால் எனக்கு எந்தத் தடையும் வரவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கு டி.பி.எட். என்ற இரண்டாண்டுப் பட்டயம் உண்டு என்றாலும், அது தொடக்கப்பள்ளி நிலைக்கு உரியது. அதோடு நிறுத்திக்கொள்வதை நான் பரிந்துரைப்பதில்லை. அஞ்சல்வழியில் பி.பி.எட். தருகிறோம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். களத்தில் நின்று கற்க வேண்டிய படிப்பு என்பதால் நேரடி வகுப்புக்கு மட்டுமே இதற்கு அனுமதி உண்டு. அதே போல், ஒரு கல்லூரி சென்ற ஆண்டு அங்கீகாரத்தோடு இருந்தது என்பதை வைத்து இந்த ஆண்டும் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. சேருவதற்கு முன் குழுமத்தின் இணையதளத்தில் உள்ள பட்டியலை நீங்களே பார்க்க வேண்டும். கல்லூரி அலுவலகத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் கடிதம் போதாது.

நான் படித்த நந்தனம் கல்லூரி 1920இல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் தொடங்கியது. ஆசியாவிலேயே முதல் உடற்கல்விக் கல்லூரி என்ற பெயர் அதற்கு உண்டு. அதுபோலப் பழைய பெருமையுள்ள இடங்கள் இன்னும் சில இருக்கின்றன. குவாலியரில் 1957இல் தொடங்கப்பட்ட லட்சுமிபாய் தேசிய உடற்கல்வி நிறுவனம் இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த உடனேயே அங்கே பட்டப்படிப்பில் சேரலாம். திருவனந்தபுரத்துக் காரியவட்டத்திலும் லட்சுமிபாய் பெயரில் ஒரு தேசிய கல்லூரி இருக்கிறது. தமிழ்நாட்டில் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகக் கல்லூரியும், கோவை பெரியநாயக்கன்பாளையத்தில் இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தின் மாருதி கல்லூரியும் நல்ல ஆசிரியர்களை உருவாக்கியவை. சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமே இயங்குகிறது. பெங்களூரை விட்டு நகர முடியாதவர்களுக்கு ஞானபாரதி வளாகத்தில் பெங்களூர்ப் பல்கலைக்கழகத்தின் உடற்கல்வித் துறை இருக்கிறது.

எங்கே சேர்ந்தாலும் நுழைவுக்கு உடற்தகுதித் தேர்வு இருக்கும். தன் விளையாட்டில் கெட்டிக்காரனாக இருக்கும் பிள்ளைதான் இதில் தடுமாறுவான். காற்பந்து மட்டுமே ஆடியவனுக்குக் குண்டு எறிதலின் நிலை தெரியாது. கபடி ஆடியவளுக்கு நீளம் தாண்டுதலில் கால் எடுக்கும் பலகை பிடிபடாது. நுழைவுத் தேர்வுக்கு முந்தைய மூன்று மாதமாவது ஓட்டம், தாண்டுதல், எறிதல் மூன்றையும் கலந்து பழகுவது நல்லது.

படிப்பு எப்படியிருக்கும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "விசில் ஊதுவதற்குப் படிப்பா" என்று கேட்கும் மாமாக்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. விடியற்காலையில் களப்பயிற்சி, பிறகு உடற்கூறியல், உடலியங்கியல், இயக்கவியல், தேர்வும் அளவீடும், விளையாட்டு உளவியல் என்று எழுத்துப் பாடங்கள், அதன்மேல் பள்ளிகளுக்குச் சென்று வகுப்பெடுக்கும் கற்பித்தல் பயிற்சி. எனக்கு மிகவும் பிடித்தது ஓடுதளம் வரைதல். 400 மீட்டர் தளத்தின் நேர்ப்பகுதி ஒவ்வொன்றும் 84.39 மீட்டர், வளைவின் ஆரம் 36.50 மீட்டர். ஆனால் ஓடுகிறவர் உள்விளிம்பின் மேலேயே ஓடுவதில்லை என்பதால் விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, அதாவது 36.80 மீட்டர் ஆரத்தில், அளந்தால்தான் 400 சரியாக வரும். ஒரு பாதையின் அகலம் 1.22 மீட்டர். முதல் பாதைக்கு 30 சென்டிமீட்டரும் மற்றவற்றுக்கு 20 சென்டிமீட்டரும் விட்டு அளப்பதால், முழுச் சுற்று ஓட்டத்தில் இரண்டாம் பாதைக்காரர் 7.04 மீட்டர் முன்னால் நிற்க வேண்டும். அதற்குப் பிறகு பாதைக்குப் பாதை 7.67 மீட்டர் கூடும். இந்தக் கணக்கைத் தாளில் போட்டுவிட்டு, கயிறும் இரும்பு நாடாவும் சுண்ணாம்புத் தூளும் எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கிக் கோடு போட்டு, கடைசிக் கோடு முதல் கோட்டோடு வந்து சேர்கிறதா என்று பார்ப்பது ஒரு தேர்வு. பெங்களூரில் பெரும்பாலான பள்ளிகளுக்கு 400 மீட்டர் தளம் போட இடம் கிடையாது. எங்கள் பள்ளி மைதானத்தில் 200 மீட்டர்தான் அடங்கும். அந்த நீள்சதுரத்துக்குள் வளைவை எவ்வளவு ஆரத்தில் எடுப்பது, எத்தனை பாதை விடுவது என்பதை ஆண்டு விளையாட்டு விழாவுக்கு முன் நான்தான் கணக்கிடுகிறேன். கணக்கு வராத பிள்ளைதான் உடற்கல்விக்குப் போகும் என்று நினைப்பவர்கள் அன்றைக்கு ஒருமுறை வந்து பார்க்கலாம்.

பயிற்சியாளர் வழி இதிலிருந்து தனியானது. அதற்கு இந்தியாவில் நெடுங்காலமாக மதிப்புள்ள தகுதி என்.ஐ.எஸ். பட்டயம். பாட்டியாலாவில் பழைய மகாராஜாவின் அரண்மனையில் 1961இல் தொடங்கிய நேதாஜி சுபாஷ் தேசிய விளையாட்டு நிறுவனம் இதை நடத்துகிறது. ஓராண்டுப் படிப்பு, ஒரே ஒரு விளையாட்டில் ஆழமாகப் பயிற்றுவிப்பார்கள். பட்டத்தோடு, தேசிய அளவிலோ பல்கலைக்கழகங்களுக்கு இடையிலோ ஆடியிருக்க வேண்டும். இதற்காகப் பஞ்சாப் வரை செல்ல வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் இந்திய விளையாட்டு ஆணையத்தின் தென்மண்டல மையம் ஞானபாரதி வளாகத்திலேயே இருக்கிறது. நம் ஹாக்கி அணிகளின் தேசிய முகாம்கள் நடப்பது அங்கேதான். சில விளையாட்டுகளுக்கான பட்டயப் படிப்பும் அங்கே நடத்தப்பட்டுவந்திருக்கிறது. எந்த ஆண்டில் எந்த விளையாட்டு எங்கே என்பதைச் சேர்க்கை அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பு ஒன்றும் உண்டு. பள்ளியில் இருந்துகொண்டே ஓர் அணியைத் தயார்செய்ய விரும்பும் என் போன்ற ஆசிரியர்களுக்கு அது பயன்படும். பட்டயம் கேட்கும் பணிக்கு இந்த ஆறு வாரச் சான்றிதழைக் காட்டி நுழைய முடியாது. "என்.ஐ.எஸ். முடித்தவர்" என்று விளம்பரப் பலகை வைத்திருக்கும் பயிற்சியாளரிடம், ஓராண்டா ஆறு வாரமா என்று பெற்றோர்கள் தயங்காமல் கேட்கலாம்.

விளையாட்டுச் சம்மேளனங்கள் தரும் உரிமங்கள் மூன்றாவது வகை. காற்பந்தில் 'டி' உரிமத்தில் தொடங்கி 'சி', 'பி', 'ஏ' என்று மேலேற வேண்டும்; கிரிக்கெட்டில் வாரியத்தின் நிலைத் தேர்வுகள். தனியார் அகாடமிகள் பி.பி.எட். பட்டத்தைவிட இவற்றைத்தான் கேட்கின்றன. பள்ளியோ பி.பி.எட். இல்லாமல் 'சி' உரிமம் வைத்திருப்பவரைப் பயிற்சியாளராக ஒப்பந்தத்தில் எடுக்கும், உடற்கல்வி ஆசிரியராக எடுக்காது. இரண்டு பக்கமும் கால் வைக்க விரும்புகிறவர்கள் முதலில் பி.பி.எட். முடித்துவிட்டு, வேலையில் இருந்தபடியே உரிமங்களை ஒவ்வொன்றாகப் பெறுவதே நடைமுறைக்கு ஒத்துவருகிறது.

இனிச் சான்றிதழ்களைப் பற்றி. பதக்கம் அலமாரியில் அழகாக இருக்கும். வேலைக்குப் பயன்படுவது சரியான படிவத்தில் சரியான அலுவலர் கையெழுத்திட்ட தாள். மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டுப் பணிகளுக்கு ஐந்து படிவங்கள் இருக்கின்றன. நாட்டுக்காக ஆடியவருக்குப் படிவம் 1. மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியவருக்குப் படிவம் 2. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குப் படிவம் 3, அதில் பல்கலைக்கழக விளையாட்டுத் துறைப் பொறுப்பாளர் கையெழுத்திட வேண்டும். தேசியப் பள்ளி விளையாட்டுகளுக்குப் படிவம் 4, அதில் மாநிலக் கல்வித் துறையில் விளையாட்டைக் கவனிக்கும் இயக்குநர் நிலை அலுவலர் கையெழுத்திட வேண்டும். தேசிய உடற்திறன் விருதுக்குப் படிவம் 5. மாவட்டத்தில் வாங்கிய தங்கப்பதக்கம் எத்தனை இருந்தாலும் இந்த வரிசையில் இடம் பெறாது. பட்டியலில் உள்ள விளையாட்டாகவும் இருக்க வேண்டும்; 2020இல் அந்தப் பட்டியல் 43இலிருந்து 63ஆக விரிந்தபோது மல்லர்கம்பமும் கயிறு இழுத்தலும்கூட உள்ளே வந்தன. போட்டி முடிந்த சூட்டோடு படிவத்தை நிரப்பிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். சில ஆண்டு கழித்துப் போனால் அலுவலர் மாறியிருப்பார், பதிவேடு வேறு அறைக்குப் போயிருக்கும், நீங்கள் ஆடியதை நினைவில் வைத்திருப்பவர் ஓய்வு பெற்றிருப்பார்.

இதில் நம் பகுதிப் பிள்ளைகள் அடிக்கடி ஏமாறும் இடம் ஒன்று உண்டு. "அகில இந்தியப் போட்டி" என்ற பெயரில் எங்கேயோ ஒரு கடற்கரை ஊரில் மூன்று நாள் ஆட்டம் நடத்தி, தலைக்கு ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கி, கோப்பையும் பளபளப்பான சான்றிதழும் கொடுத்து அனுப்பும் அமைப்புகள் பல இருக்கின்றன. எங்கள் தெருவில் ஒரு பையனின் அம்மா, நகையை அடகு வைத்து இப்படி அனுப்பினார். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ரயில்வே வேலைக்கு விண்ணப்பித்தபோது, போட்டியை நடத்திய சங்கத்துக்குத் தேசியச் சம்மேளனத்தின் அங்கீகாரமே இல்லை என்று தெரிந்தது. ஒரே விளையாட்டுக்கு மாநிலத்தில் இரண்டு சங்கங்கள் போட்டியிட்டுக்கொண்டிருப்பதும் புதிதல்ல. பணம் கட்டுமுன், அந்தச் சங்கத்தைத் தேசியச் சம்மேளனம் ஏற்றிருக்கிறதா, அந்தச் சம்மேளனத்தை மத்திய விளையாட்டு அமைச்சகம் ஏற்றிருக்கிறதா என்று இரண்டு படியாகப் பார்த்துவிடுவது அவசியம். மிகச் சிறுவயதிலேயே திறமை தெரியும் பையன்களுக்கு, அல்சூரில் உள்ள, ராணுவப் பொறியியல் பிரிவான மதராஸ் சாப்பர்ஸ் படைமையத்தின் சிறுவர் விளையாட்டுப் படைப்பிரிவு போன்ற இடங்கள் கட்டணமில்லாத நல்ல வழி. அங்கே 8 வயதிலிருந்து 14 வயதுக்குள் எடுத்துக்கொள்கிறார்கள். பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு வந்து கேட்டால் காலம் கடந்திருக்கும்.

அரசுப் பணியை நம்பிப் படிக்கிறவர்களுக்கு, பெங்களூரில் வளரும் தமிழருக்கே உரிய மொழிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. கர்நாடக அரசுப் பணிக்குக் கன்னடம் தேவை. பள்ளியில் அதைப் படிக்காதவர் தனியாகக் கன்னட மொழித் தேர்வு எழுதித் தேற வேண்டும். தமிழ்நாட்டில் கட்டாயத் தமிழ்த் தகுதித் தாள் இருக்கிறது. வீட்டில் தமிழ் பேசிவிட்டுப் பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் எடுத்த பிள்ளை இரண்டு பக்கமும் வெளியே நிற்க வேண்டி வரலாம். கேந்திரிய வித்யாலயா பணிக்கோ இந்தியிலும் ஆங்கிலத்திலும் கற்பிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அங்கே உடற்கல்வி ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம், ஏழாம் ஊதியக் குழுவின்படி, ரூ.44,900; கணித ஆசிரியருக்கும் அதே நிலைதான். நவோதயா பள்ளிகளில் ஆண், பெண் உடற்கல்வி ஆசிரியர்களுக்குத் தனித்தனிப் பணியிடம் உண்டு. தமிழ்நாட்டில் அந்தப் பள்ளிகள் இல்லை, கர்நாடகத்தில் இருக்கின்றன. ஆகவே இங்கேயே வாழப்போகும் பிள்ளைகளிடம், கன்னடத்தை எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்று நான் வலியுறுத்துகிறேன். அது வேலைக்கு மட்டுமான தேவையும் இல்லை. மைதானத்தில் பிள்ளைகள் வாங்கும் திட்டு பாதி கன்னடத்தில்தான் இருக்கும்.

விளையாட்டு மருத்துவ உதவிப் பணிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிசியோதெரபி படிக்க வேண்டுமென்றால் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் இருக்க வேண்டும். அதாவது முடிவைப் பத்தாம் வகுப்பு முடிந்த கோடையிலேயே எடுக்க வேண்டும், பி.யு.சி.யில் (11, 12ஆம் வகுப்பில்) வணிகம் எடுத்துவிட்டுப் பிறகு மனம் மாறினால் வழி இல்லை. பட்டப்படிப்பு நான்கு ஆண்டுக்கு மேல், அதன்பின் விளையாட்டுத் துறையில் முதுகலை இரண்டு ஆண்டு. செலவும் காலமும் அதிகம். ஆனால் காயமடைந்து ஆட முடியாமல் போன வீரர்களில் சிலர் இந்தப் பணியில் மிகச் சிறப்பாகச் செயல்படுவதைப் பார்த்திருக்கிறேன்.

பெங்களூரில் இப்போது வேலை அதிகமாக உருவாகும் இடம் தனியார் துறை. எலகங்கா பக்கத்தில் உள்ள பாதுகோன் - திராவிட் மையம் போன்ற பெரிய வளாகங்கள் ஒரு புறம் இருக்க, ஒயிட்பீல்டு, சர்ஜாபுரம் சாலை அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குள் மாலை நேரத்தில் இறகுப்பந்தும் நீச்சலும் டென்னிசும் கற்றுத்தரும் இளைஞர்கள் ஏராளம். வருமானம் சேரும் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. தேர்வு மாதங்களில் பாதியாகக் குறையும், மழை பெய்தால் வகுப்பே இருக்காது. வருங்கால வைப்பு நிதி உண்டா, காயம் பட்டால் மருத்துவச் செலவு யாருடையது, வகுப்பு ரத்தானால் கூலி உண்டா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்காமல் சேராதீர்கள் என்று என் பழைய மாணவர்களிடம் சொல்லிவருகிறேன். இருபத்திரண்டு வயதில் இந்த வேலை கையில் நிறையப் பணம் தருவதுபோல் தோன்றும். நாற்பது வயதில் தினமும் ஐந்து மணி நேரம் களத்தில் நிற்க முட்டி ஒத்துழைக்குமா என்பதை அப்போதே யோசிப்பவர்கள் குறைவு. முதலுதவிச் சான்றிதழும் காவல்துறைச் சரிபார்ப்புச் சான்றும் கையில் இருந்தால் எந்தக் குடியிருப்பிலும் உங்களுக்கு முன்னுரிமை கிடைக்கும். பெண்களுக்கு ஒரு சாதகமும் உண்டு. மாணவியர் அணியை வெளியூர் அழைத்துச் செல்ல ஆசிரியை வேண்டும் என்பதால், தகுதியுள்ள பெண் உடற்கல்வி ஆசிரியர்களைப் பள்ளிகள் தேடிக்கொண்டே இருக்கின்றன.

பள்ளியிலிருந்து மேலே செல்ல விரும்புகிறவர்களுக்குக் கல்லூரி உடற்கல்வி இயக்குநர் பதவி இருக்கிறது. எம்.பி.எட். முடித்து, பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் நெட் என்னும் தகுதித் தேர்வில் தேற வேண்டும். தொடக்க அடிப்படை ஊதியம் உதவிப் பேராசிரியருக்கு இணையாக ரூ.57,700. மற்றப் பாடத்தாருக்கு இல்லாத ஒரு தேர்வு நமக்கு உண்டு: 30 வயது வரை உள்ள ஆண்கள் 12 நிமிடத்தில் 1,800 மீட்டரும், பெண்கள் 8 நிமிடத்தில் 1,000 மீட்டரும் ஓடியோ நடந்தோ கடக்க வேண்டும், வயது கூடக் கூடத் தூரம் குறையும். பயிற்சியை விடாதவர்களுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. எங்கள் துறையினரை வீழ்த்துவது நெட் தேர்வின் முதல் தாள்தான். அந்த 100 மதிப்பெண் கற்பிக்கும் திறன், ஆராய்ச்சி முறை, தர்க்கம், தரவு விளக்கம் ஆகியவற்றுக்கு உரியது. உடற்கல்விப் பாடத்துக்கான 200 மதிப்பெண்ணை மட்டும் நம்பிப் போகிறவர்கள் அங்கேதான் தவறவிடுகிறார்கள். நான் இப்போது அதற்குத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். பழைய வினாத்தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு, தரவு விளக்கக் கணக்குகளைக் காலையில் பள்ளிப் பேருந்தில் போட்டுப் பார்க்கிறேன். உடலியங்கியலை எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு நடத்தும்போதே மீள்பார்வை செய்துகொள்கிறேன். ஆண்டுக்கு இருமுறை தேர்வு நடப்பதால், வேலையை விடாமலே தயாராக முடிகிறது.